ஒரே ஓர் எலெக்டிவ் இடம்: சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கா, நெட்வொர்க்ஸா?

கணினி அறிவியல் படிப்பில் பாதித் தூரம் வந்ததும் பலருக்கும் இந்தச் சிக்கல் வருகிறது. டைம்டேபிளில் ஓர் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) இடம்தான் மிச்சம். ஒரு பக்கம் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ். இரண்டையும் எடுக்கலாம் என்றால் வகுப்பு நேரம் மோதும், இல்லையென்றால் கிரெடிட் வரம்பு தாண்டும். சீனியர்களிடம் கேட்டால், "சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எடு, கணக்கே கிடையாது, மார்க் அள்ளலாம்" என்பார் ஒருவர். "நெட்வொர்க்ஸ் எடு, இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இவற்றை வைத்து ஒரு செமஸ்டரை முடிவு செய்ய முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து எதைக் கற்றுக்கொள்ள முடியாதோ, அதை வகுப்பில் எடுங்கள். அப்படிப் பார்த்தால் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்தான் முந்துகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: செமஸ்டர் முழுக்க ஓடும் உண்மையான டீம் புராஜெக்ட் அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரையறைகளையும் படங்களையும் மட்டும் வைத்து நடத்தப்படும் பாடம் என்றால், தயங்காமல் நெட்வொர்க்ஸுக்குப் போய்விடுங்கள்.

நெட்வொர்க்ஸ்: தப்பு செய்தால் உடனே தெரியும்

நெட்வொர்க்ஸ் பாடத்தின் முதல் சில வாரங்கள் மனப்பாடம் போலத்தான் இருக்கும். நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகள், எந்த அடுக்கில் எந்த ஹெடர் (தரவின் முன்னால் ஒட்டும் குறிப்பு), ஹெடரில் எந்த ஃபீல்டு எத்தனை பிட். இங்கேயே சலித்துப்போய் இது வெறும் சுருக்கப்பெயர்க் குவியல் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பாடம் சூடு பிடிப்பது, தரவை முனைக்கு முனை கொண்டுசேர்க்கும் டிரான்ஸ்போர்ட் அடுக்கில். தரவு பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகப் போகிறது. பாக்கெட் வழியில் தொலையும், முன்பின்னாக வரும், சில சமயம் இரண்டு தடவை வரும். இருந்தும் மறுமுனையில் கோப்பு ஒரு பைட்கூடப் பிசகாமல் வந்து சேர வேண்டும். அதற்கான வழியைத் தேடும்போதுதான் பாடத்துக்கே உயிர் வருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டு கணினிகளுக்கு நடுவே 100 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்துக் கோடி பிட்) இணைப்பு. பாக்கெட் போய் அதற்கான பதில் திரும்பி வர 80 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு, அது கிடைத்தது என்ற பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை அனுப்பினால் என்ன வேகம் கிடைக்கும்? 1500 பைட் பாக்கெட் ஒன்று இணைப்பில் ஏற வெறும் 0.12 மில்லிசெகண்ட் போதும். மீதி 80 மில்லிசெகண்டும் இணைப்பு சும்மா கிடக்கிறது. கணக்குப் போட்டால் வருவது கிட்டத்தட்ட 0.15 எம்பிபிஎஸ். நூறு எங்கே, இது எங்கே!

சரி, பதிலுக்குக் காத்திருக்காமல் பல பாக்கெட்டுகளை ஒரேயடியாக அனுப்பலாம். எத்தனை? 100 எம்பிபிஎஸ்ஸை 80 மில்லிசெகண்டால் பெருக்கினால் 80 லட்சம் பிட், அதாவது பத்து லட்சம் பைட். அவ்வளவு தரவு எப்போதும் வழியில் இருந்தால்தான் குழாய் நிறையும். ஆனால் தரவைப் பிசகாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபியின் ஹெடரில், விண்டோ அளவுக்கு (பதில் வரும்முன் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு) ஒதுக்கியிருப்பது 16 பிட்தான். 65,535 பைட்டுக்கு மேல் அதில் எழுத முடியாது. அதை வைத்துக்கொண்டு இந்த இணைப்பில் கிட்டத்தட்ட 6.55 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட வழியில்லை. அதனால்தான் பின்னாளில் அந்த எண்ணைப் பெருக்கிப் படிக்கும் விண்டோ ஸ்கேலிங் என்ற ஒட்டு வேலை டிசிபியில் சேர்ந்தது. சிலபஸில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விஷயம்தான். ஒரு தடவை பேனா பிடித்துக் கணக்குப் போட்டுவிட்டால், ஹெடரில் ஒவ்வொரு பிட்டும் ஏன் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

அதற்கு அடுத்து நெரிசல் கட்டுப்பாடு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே தரவு வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு 32,000 பிட்) 40 பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 40 பிட்) விழுந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 400 கஜம்தான் தூரம். கம்பி எதுவும் அறுந்துபோகவில்லை. பாக்கெட் தொலைந்தது என்று நினைத்து ஒவ்வொரு கணினியும் மறுபடி மறுபடி அனுப்ப, அந்த மறு அனுப்புதலே நெரிசலைக் கூட்டியது. ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு இதிலிருந்து பிறந்ததுதான். மெதுவாக ஆரம்பி, பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை என்ற அந்த யோசனையின் வழித்தோன்றல்கள் இன்றைக்கும் டிசிபியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தன்னளவில் நியாயமாக நடந்துகொள்ளும் நிரல்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு நெட்வொர்க்கையே முடக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இப்போது லேப். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதல் அசைன்மென்ட், நெட்வொர்க் வழியே பேசும் சாக்கெட் நிரல்தான்: ஒரு சாட் சர்வர், அல்லது ஒரு குட்டி வெப் சர்வர். சர்வரை 8080 போர்ட்டில் (அதன் வாசல் எண்) ஓட்டுகிறீர்கள், கிளையன்ட் இணைய மறுக்கிறது. எந்தெந்த போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால் 36895 என்று ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? 8080இன் இரண்டு பைட்டுகளையும் இடம் மாற்றிப் போட்டால் 36895. நெட்வொர்க் பைட் வரிசைக்கு மாற்றும் ஃபங்ஷனைக் கூப்பிட மறந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்த ஒரு பக்கைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய எண்டியன், சிறிய எண்டியன் (எந்தப் பைட் முதலில் வரும்) விவகாரத்தை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

இன்னொரு பொறி இதைவிடச் சூழ்ச்சியானது. அனுப்புகிறவர் ஒரு தடவை அனுப்பினால், வாங்குகிறவருக்கு ஒரு தடவையில் முழுச் செய்தியும் வந்துவிடும் என்று நம்பி நிரல் எழுதுவார்கள். ஒரே கணினிக்குள் ஓட்டிப் பார்த்தால் அப்படித்தான் வரும். ஆனால் டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம். செய்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு கணினிகளுக்கு நடுவே ஓட்டியதும் பாதிச் செய்தி ஒரு முறை, மீதி அடுத்த முறை, சில நேரம் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு என்று வரும். போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் கருவியைத் திறந்தால் எல்லாமே கண்முன் கிடக்கும். இந்தப் பாடத்தின் பெரிய பலமே இதுதான். யாருடைய கருத்தும் தேவையில்லை, பாக்கெட்டே தீர்ப்புச் சொல்லிவிடும். இணைய விதிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் இலவசம். பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் எளிய விதிமுறையான யூடிபிக்கான 1980ஆம் ஆண்டு ஆவணம் மொத்தமே மூன்று பக்கம். நடு இரவில் தனியாக உட்கார்ந்து படித்தாலும், நீங்கள் எழுதியது சரியா தப்பா என்று விடிவதற்குள் தெரிந்துவிடும்.

அதனாலேயே இது தனியாகக் கற்கத் தோதான பாடமும்கூட. ரூட்டிங் (பாக்கெட்டுக்கு வழி தேர்வு செய்தல்), கியூயிங் (பாக்கெட் வரிசைகள்) மாதிரிப் பகுதிகளில் ஆசிரியர் இருந்தால் நேரம் மிச்சமாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் இல்லாவிட்டால் முடியவே முடியாது என்று சொல்லும்படி இதில் பெரிதாக எதுவும் இல்லை.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்: தப்பு தெரிய மாதங்கள் ஆகும்

இந்தப் பாடத்தின் பெயரே ஒரு நெருக்கடியில் பரவியதுதான். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. நிரல்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, கெடு தாண்டுகிறது, செலவு எகிறுகிறது, முடித்துக் கொடுத்ததும் ஒழுங்காக ஓடுவதில்லை என்பதுதான் அங்கே பேச்சு. அன்றைக்குப் புலம்பியதில் பாதியை இன்றைய புராஜெக்ட் மீட்டிங்கில் அப்படியே திருப்பிச் சொன்னால் யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

கெட்ட பெயர் வாங்கித் தருவது இந்தப் பாடம் நடத்தப்படும் விதம். மென்பொருளை எந்த வரிசையில் உருவாக்குவது என்று சொல்லும் வாட்டர்ஃபால், ஸ்பைரல், அஜைல் என்று ஒவ்வொரு மாடலுக்கும் படம், நன்மை ஐந்து, தீமை ஐந்து. மென்பொருள் அமைப்பை வரைந்து காட்டும் யூஎம்எல் படத்தின் அம்புக்குறியில் முக்கோணம் நிரப்பியதா காலியா என்று ஒரு கேள்வி. இப்படிப் படித்தால் மார்க் வரும், வேறொன்றும் வராது. அதிலும் ஒரு வேடிக்கை. வாட்டர்ஃபால் மாடலின் மூலம் என்று காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரை. அதில் அந்தச் சொல்லே கிடையாது. படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இதை அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றுதான் அவர் எழுதினார். எச்சரிக்கையாக எழுதியது பரிந்துரையாக மாறிப் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது.

நல்ல விதமாக நடத்தினால் இதே பாடம் எப்படி இருக்கும்? மாணவர்கள் அதிகம் செய்யும் நூலக மேலாண்மை மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். தேவைகள் பட்டியலில் ஒரு வரி: "கெடு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு அபராதம்." படித்ததும் பத்து வரி கோட் போதும் என்று தோன்றும். நூலகரிடம் போய் உட்கார்ந்தால் கதை வேறு. நூலகம் மூடியிருந்த நாட்களுக்கும் அபராதம் உண்டா? கெடு தேதி விடுமுறையில் விழுந்தால்? புத்தகம் தொலைந்துவிட்டது என்று மாணவர் சொன்ன பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்குமா? அபராதம் புத்தகத்தின் விலையைத் தாண்டினால்? புதுப்பிக்கும் நேரத்தில் வேறொருவர் அதே புத்தகத்துக்கு முன்பதிவு செய்திருந்தால்? போன வருடம் விதித்த அபராதத்தைப் புது விகிதத்தில் கணக்கிடுவதா, பழைய விகிதத்திலா? கடைசிக் கேள்விக்கு நூலகரிடமே பதில் இருக்காது. அவர் யோசித்து முடிவெடுக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் உங்கள் டீமில் ஒருவர், விகிதத்தை நிரலுக்குள் நேரடியாக எண்ணாக எழுதி முடித்திருப்பார்.

டெஸ்டிங் என்றால் என்ன என்று இங்கேதான் புரியும். பதினான்கு நாள் கெடு என்றால் பதினான்காம் நாள், பதினைந்தாம் நாள் இரண்டையும் சோதிக்க வேண்டும் என்பது பாடத்தில் வரும் எல்லை மதிப்புச் சோதனை. ஆனால் பதினான்காம் நாள் இரவு பதினொன்றரைக்குத் திருப்பினால் அது எந்த நாள் கணக்கு என்ற கேள்வி எந்தச் சூத்திரத்திலும் வராது. தேவையை எழுதிய விதத்திலேயே ஓட்டை. கம்பைலர் இதைச் சொல்லாது. வயர்ஷார்க் மாதிரி எட்டிப் பார்க்க ஒரு கருவியும் கிடையாது. உபயோகிப்பவர் ஒருவர் மாட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தால்தான் தெரியும்.

பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்லும் ஏரியன் 5 ராக்கெட் விபத்தும் இதே ரகம். 1996 ஜூன் 4 அன்று கிளம்பி 40 நொடிக்குள் பாதை மாறிச் சிதறியது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் பெரிதாகி நிரம்பி வழிந்தது என்பதோடு வகுப்பில் கதை முடிந்துவிடும். அந்த நிரல் ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடியது என்பதுதான் கவனிக்க வேண்டிய பகுதி. ஏரியன் 4இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வர வழியில்லை. புது ராக்கெட் வேறு பாதையில், வேறு வேகத்தில் போகிறது. பழைய அனுமானம் மட்டும் யாரும் கேள்வி கேட்காமல் கூடவே ஏறிக்கொண்டது. கோட் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே குறைவாக இருக்கவில்லை. எந்த அனுமானத்தை யார் எங்கே எழுதி வைத்தார்கள், அதை அடுத்தவர் எப்படிப் பார்ப்பார் என்ற ஏற்பாட்டில்தான் கோளாறு.

அப்புறம் டீம். நான்கு பேர் சேர்ந்தால் பேசிக்கொள்ள ஆறு ஜோடிகள். எட்டு பேர் என்றால் இருபத்தெட்டு. தாமதமாகிவிட்ட புராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மின் ஓஎஸ்/360 ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய அனுபவத்திலிருந்து ஃபிரெட் புரூக்ஸ் சொன்னதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். புதிதாக வந்தவருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இதைப் பரீட்சைத் தாளில் எழுதுவது ஒன்று. டெமோவுக்கு முந்தின ராத்திரி நான்கு பேரின் கிளைகளையும் (தனித்தனிப் பிரதிகளையும்) கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் ஒன்றாக இணைக்கும்போது அதே கோப்பின் அதே வரியை மூன்று பேர் மாற்றியிருப்பதைப் பார்ப்பது வேறொன்று. வாராவாரம் இணைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஏன் சின்னச் சின்னதாக அடிக்கடி இணைக்கச் சொல்கிறார்கள் என்று அந்த ராத்திரியில் புரிவதுபோல எந்த லெக்சரிலும் புரியாது.

இந்தச் சூழலைத் தனியாக உண்டாக்க முடியாது என்பதுதான் என் வாதம். எழுதிய சூட்டில் உங்கள் கோட் உங்களுக்குப் புரியும். நீங்களே எழுதிய தேவை உங்களை எதிர்த்துப் பேசாது. வேலையே செய்யாத டீம் உறுப்பினரைத் தனியறையில் வரவழைக்க முடியாது. வேலை செய்யாதவரைவிடக் கஷ்டம், எல்லா வேலையையும் தானே செய்துவிட்டு மற்றவர்களைக் கிட்டவே விடாதவர். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அவரோடு செமஸ்டர் முழுக்க ஓட்டுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

மார்க், நேரம், இன்டர்வியூ

இதையெல்லாம் கேட்காமல் யாரும் எலெக்டிவ் எடுப்பதில்லை. அதனால் சுருக்கமாக.

மார்க்கைப் பொறுத்தவரை நெட்வொர்க்ஸில் ஆச்சரியம் குறைவு. அசைன்மென்ட்டைத் தானியங்கிச் சோதனை திருத்தினால் ஓடுகிறது, ஓடவில்லை என்று இரண்டே பதில். பரீட்சையில் சப்நெட் கணக்கும் ரூட்டிங் டேபிளும் சரியாகப் போட்டால் முழு மார்க். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் உங்கள் மார்க்கில் ஒரு பகுதி இன்னும் மூன்று பேர் கையில் இருக்கிறது. யார் எந்த மாற்றத்தைச் செய்தார் என்று காட்டும் கமிட் வரலாற்றைப் பார்த்துத் தனித்தனியாக மார்க் போடும் ஆசிரியர் என்றால் பரவாயில்லை. டீமுக்கு மொத்தமாக ஒரே மார்க் என்றால், ஆளுக்கு ஏற்ற அதிர்ஷ்டம்தான்.

நேரம் எப்படிப் போகும் என்பதும் வேறுவேறு. நெட்வொர்க்ஸில் ஒவ்வொரு அசைன்மென்ட்டும் கெடுவுக்கு முந்தைய மூன்று நான்கு நாட்களை விழுங்கிவிட்டு விட்டுவிடும். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் போகும், முக்கியமாக மீட்டிங்கில். வேறு கனமான பாடங்களோ பகுதிநேர வேலையோ இருந்தால், நாலு பேரின் நேரத்தை ஒத்துப்போக வைப்பது கோட் எழுதுவதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

இன்டர்வியூவில் நெட்வொர்க்ஸ் கேட்பார்கள் என்பது உண்மை. பிரவுசரில் முகவரியை அடித்து என்டர் தட்டினால் என்ன நடக்கும் என்ற பழைய கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவது), டிசிபி கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்குவது), டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்), எச்டிடிபி (பக்கத்தைக் கேட்டு வாங்குவது) என்று வரிசையாகச் சொல்ல ஒரு நல்ல வார இறுதி போதும். அதற்காக ஒரு செமஸ்டரைக் கொடுக்க வேண்டியதில்லை. மறுபக்கம், "டீமில் ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு வார இறுதியில் தயாராக முடியாது. கதை விட்டால் அடுத்த இரண்டு கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த செமஸ்டரில் எடுக்கிறீர்கள் என்பது முக்கியம்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நெட்வொர்க்ஸுக்கு முன்னால் ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஓரளவு சி மொழி, கொஞ்சம் நிகழ்தகவு தெரிந்திருந்தால் நல்லது. பலர் ஒரே சேனலில் இஷ்டப்பட்ட நேரத்தில் அனுப்பும் பழைய அலோஹா முறையில் அதிகபட்சம் 18.4 சதவீத நேரம்தான் சேனல் பயன்படும், நேரத்தைத் துண்டு போட்டால் 36.8 சதவீதம் ஆகும் என்று வகுப்பில் எழுதிப்போடும்போது அது எப்படி வந்தது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பது வேதனை. இவை கையில் இருந்தால் எந்த ஆண்டிலும் எடுக்கலாம்.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்குக்குக் காகிதத்தில் முன்நிபந்தனை எதுவும் இருக்காது. நிஜத்தில் ஒன்று இருக்கிறது: சில ஆயிரம் வரிகளில் எதையாவது எழுதி, இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் விழித்திருக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவருக்கு, மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் (நிரலின் தனிப் பகுதிக்குள்ளும்) மறைத்து வை என்று கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972லேயே சொன்னது வெறும் அறிவுரையாகத்தான் காதில் விழும். இருநூறு வரி நிரலை மட்டும் எழுதியவரிடம் டிசைனைப் பற்றிப் பேசுவது, நீச்சல் குளத்தையே பார்க்காதவருக்குக் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. ஆகவே இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்கு இப்போதைக்கு நெட்வொர்க்ஸ், அடுத்த ஆண்டு வாய்ப்பு வந்தால் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்பதுதான் என் பரிந்துரை, டீம் புராஜெக்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இவை இரண்டும் தனித்தனி உலகங்கள் என்று நினைத்துத் தேர்வு செய்பவர்களுக்காக ஒன்று. உங்கள் செயலி சர்வரிடம் "இந்த ஆர்டரைப் பதிவு செய்" என்று கேட்கிறது. ஐந்து நொடியாகியும் பதில் இல்லை. கேட்டது போய்ச் சேரவில்லையா? போய்ச் சேர்ந்து, பதிவாகி, பதில் வழியில் தொலைந்ததா? கேட்டவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். மறுபடி கேட்டால் ஆர்டர் இரண்டாகலாம், கேட்காவிட்டால் ஆர்டரே இல்லாமல் போகலாம். நெட்வொர்க்ஸ் படித்தவருக்கு இந்தக் குழப்பம் ஏன் தீராது என்று தெரியும். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் படித்தவர், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் புதிதாகப் பதிவு செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும் என்று தேவையிலேயே எழுதி, அதற்கு ஒரு டெஸ்டும் சேர்ப்பார். ஒருவருக்குப் பிரச்சினை தெரிகிறது, இன்னொருவருக்கு அதை டீமில் எல்லோரும் பின்பற்றும்படி செய்யும் வழி தெரிகிறது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கியதிலும் இந்தக் கலவைதான். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு பக் இருந்ததால் அது தடுக்கவில்லை. தொடர்பு போனதைப் பார்த்த டிஎன்எஸ் சர்வர்கள், தாங்கள் இருக்கும் வழியை மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கு இடையிலான வழி அறிவிப்பு முறை) அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. வெளியுலகுக்கு அந்தப் பெயர்களே காணாமல் போயின. முதல் பாதியை விளக்க ஒரு பாடம் வேண்டும், இரண்டாம் பாதியை விளக்க இன்னொன்று.

பதிவு செய்வதற்கு முன்

சிலபஸைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு பாடத்துக்கும் சிலபஸ் எங்கேயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். போன வருட அசைன்மென்ட் தாள்களை வாங்கிப் பாருங்கள். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் பார்க்க வேண்டியது: தேவைகளை யார் தருகிறார்கள்? ஆசிரியரே அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பாடம் போச்சு. வெளியில் இருந்து ஒருவர் வந்து நடுவில் மனம் மாறினால் அது நல்ல அறிகுறி. புராஜெக்டில் ஓடும் கோடுக்கு மார்க் எவ்வளவு, அறிக்கைக்கு எவ்வளவு? அறுபது பக்க அறிக்கைக்கு முக்கால்வாசி மார்க் என்றால் விலகிவிடுங்கள். ஒரு டீமின் கோடை இன்னொரு டீம் எடுத்துத் தொடர வேண்டும் என்று விதி இருந்தால், வேறெதையும் பார்க்காமல் சேருங்கள். அப்படிப்பட்ட பாடம் அரிது.

நெட்வொர்க்ஸில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யூடிபிக்கு மேலே நம்பகமான பரிமாற்றத்தை மாணவர்களே எழுத வேண்டிய அசைன்மென்ட் இருக்கிறதா? இருந்தால் மற்றது எப்படி இருந்தாலும் பாடம் தேறும். ரூட்டர் கட்டளைகளை சிமுலேட்டரில் தட்டிப் பழகுவது மட்டும்தான் லேப் என்றால், சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகலாம், உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடாது. இரண்டு பாடமுமே மோசமாக நடத்தப்படுகிற இடமாக இருந்தால் நெட்வொர்க்ஸ். மோசமான நெட்வொர்க்ஸ் வகுப்பை வயர்ஷார்க் வைத்து நீங்களே ஈடுகட்டிக்கொள்ளலாம்.

விட்டுப்போன பாடத்தை விடுமுறையில் எடுத்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் விட்டுப்போனவர்கள், நீங்கள் தினமும் உபயோகிக்கும் ஏதாவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஒரு சின்ன பக்கைத் திருத்தி அனுப்பிப் பாருங்கள். மூன்று வரித் திருத்தத்துக்கு முப்பது வரி விமர்சனம் வரும், டெஸ்ட் எங்கே என்று கேட்பார்கள், கமிட் செய்தியை மாற்றி எழுதச் சொல்வார்கள். டீம் புராஜெக்டுக்கு முழு மாற்று ஆகாது, ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கோடைப் படிக்கும்போது என்ன ஆகிறது என்பது தெரிந்துவிடும்.

நெட்வொர்க்ஸ் விட்டுப்போனவர்களுக்கு அந்த யூடிபி வேலையையே சிபாரிசு செய்வேன். ஒரு கோப்பை யூடிபியில் அனுப்பும் நிரல் எழுதுங்கள். அடுத்து லினக்ஸில் நெட்வொர்க் கோளாறுகளைப் போலியாக உண்டாக்கும் நெட்எம் வசதியை வைத்து பத்து சதவீதப் பாக்கெட்டுகளைத் தொலைய விடுங்கள், 80 மில்லிசெகண்ட் தாமதம் சேருங்கள். மறுமுனையில் வந்த கோப்பும் மூலக் கோப்பும் ஒன்றுதானா என்று ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போன பிறகு வேகத்தை அளந்து பாருங்கள். ஒரு பாக்கெட் அனுப்பிக் காத்திருக்கும் முறையில் எழுதியிருந்தால், மேலே போட்ட கணக்கின் 0.15 எம்பிபிஎஸ்கூட வராது. தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டைமர் முடியும்வரை நிரல் சும்மா நிற்கும். டைமரை எவ்வளவு நேரத்துக்கு வைப்பது என்பது அங்கிருந்து கிளம்பும் அடுத்த கேள்வி.